கடாரம் கொண்டானும் கடல் வணிகரும்

பள்ளிப் பருவத்தில் பேச்சுப் போட்டி மேடைகளில் நான் அதிகம் உச்சரித்த பெயர் இராஜேந்திர சோழன். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று குரலை உயர்த்தி முடித்தால் கைதட்டல் உறுதி. அந்தக் கைதட்டலில் ஒரு பரிசுக் கோப்பையும் கிடைத்தது. அது இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழன் மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து வந்த மலாய் மாணவன். கடாரம் என்பது அவனுடைய கெடாதான் என்று ஒருநாள் பெருமையோடு விளக்கினேன். உங்கள் அரசர் எங்கள் ஊருக்கு வந்து என்ன செய்தார் என்று அவன் கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்டான். எனக்கு அடைமொழி தெரிந்திருந்தது, பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இம்மன்னனின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு மன்னனைத் தேடிப் போன எனக்கு, அவனுக்கு முன்பும் பின்பும் கடலைக் கடந்துகொண்டே இருந்த ஒரு பெரும் வணிகக் கூட்டமும் அறிமுகமாயிற்று. அந்த இரண்டையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தந்தை விட்டுச் சென்ற துறைமுகம்

இராஜேந்திரன் முதலாம் இராஜராஜ சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகன். மதுராந்தகன் என்பது அவன் இளமைப் பெயர். 1012-இல் தந்தையோடு இணையாட்சி ஏற்றான். 1014 முதல் தனியரசனாக ஆண்டான். 1044-இல் மறைந்தான். அரண்மனையில் வளர்ந்த இளவரசன் என்பதைவிடப் போர்க்களத்தில் வளர்ந்த இளவரசன் என்பதே பொருந்தும். தந்தையின் காலத்திலேயே மேலைச் சாளுக்கியர்மீது படை நடத்தினான். அந்தப் படையெடுப்பின் கொடுமைகளைச் சாளுக்கிய நாட்டுக் கல்வெட்டு ஒன்று வேதனையோடு பதிவு செய்திருக்கிறது. வென்றவர் எழுதிய கல்லை மட்டும் படித்துப் பழகிய எனக்கு, தோற்றவரும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது புதிய பாடமாக இருந்தது.

இராஜராஜன் மகனுக்கு விட்டுச் சென்ற சொத்துகளில் தஞ்சைப் பெரிய கோயிலை எல்லாரும் அறிவோம். நாகப்பட்டினத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சுமத்திராவின் பலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் அரசன் சூளாமணிவர்மன் அங்கே ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். சிவபக்தனான இராஜராஜன் அந்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். தந்தை மறைந்த பிறகு அந்தக் கொடையைச் செப்பேடுகளில் பொறித்து உறுதி செய்தவன் இராஜேந்திரனே. 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதி பின்னாளில் நெதர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் பெற்றது.

கடல் கடந்த ஓர் அரசன் நம் கரையில் விகாரம் கட்டுவது வெறும் பக்தியால் மட்டும் நிகழ்வதில்லை. ஸ்ரீவிஜய நாட்டு வணிகர்கள் நாகப்பட்டினத்தில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வழிபாட்டிடமும் பாதுகாப்பும் அறிமுகமும் தேவைப்பட்டன. இராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் அதே அரசனின் முகவர்கள் நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்கும் கொடை அளித்தார்கள். அந்தக் கொடைகளில் சீனக்கனகம், அதாவது சீனத்துப் பொன், குறிப்பிடப்படுகிறது. சுமத்திரா அரசனின் முகவர் சீனத்துப் பொன்னைத் தமிழ்நாட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுக்கிறார்! அந்நாளின் வணிக உலகம் எவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

நிலத்தில் வென்ற மன்னன்

ஆட்சியின் முதல் பத்தாண்டுகள் பெரும்பாலும் போர்களில் கழிந்தன. தந்தை தொடங்கிய இலங்கைப் படையெடுப்பை இராஜேந்திரன் 1017-ஐ ஒட்டி முழுமைப்படுத்தினான். சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிலேயே உயிர் நீத்தான். பாண்டிய நாடும் சேர நாடும் அடங்கியிருந்தன. 1018-இல் மகன் இராஜாதிராஜனை இணையரசனாக்கினான். 1023-ஐ ஒட்டி அவன் படைகள் கலிங்கத்தையும் வங்கத்தையும் கடந்து கங்கைக்கரை வரை சென்று மீண்டன. அந்த வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகரையும் சோழகங்கம் என்னும் பேரேரியையும் அமைத்தான். அங்கே அவன் எடுப்பித்த கோயில் 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றானது.

இந்தப் போர்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மலபார்க் கரை, மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, கலிங்கம், வங்கம் ஆகிய அனைத்தும் கப்பல்கள் தங்கிச் செல்லும் இடங்கள். மாலத்தீவைத் தந்தையே பிடித்திருந்தான். இராஜேந்திரனின் காலத்தில் வங்கக் கடலின் மேற்குக் கரை ஏறத்தாழ முழுவதும் சோழரின் கைக்குள் வந்திருந்தது. கிழக்குக் கரைதான் எஞ்சியிருந்தது.

மூன்று சந்தைகளும் ஒரு நீரிணையும்

அந்தக் கிழக்குக் கரை ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதை அறிய உலகத்தைச் சற்றே சுற்றி வரவேண்டும். சீனாவில் 960-இல் சோங் வமிசம் ஆட்சிக்கு வந்தது. அது கடல் வணிகத்தை ஊக்குவித்தது. துறைமுகச் சுங்கம் அதன் கருவூலத்தை நிரப்பியது. மேற்கே 969-இல் பாத்திமித்துகள் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோவை நிறுவினர். செங்கடல் வழி வணிகம் பெருகியது. இரு முனைகளிலும் வாங்குவோர் பெருகினர். நடுவே, இரு பருவக்காற்றுகளும் சந்திக்கும் இடத்தில், சோழ நாடு இருந்தது.

பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் எசமான். அந்தக் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். ஒரே காற்றில் அரபு நாட்டிலிருந்து சீனா வரை போய்விட முடியாது. இடையில் எங்காவது இறங்கிக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் துறைகளில் ஒன்றுதான் கடாரம். வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்கு 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஜெராய் மலை தொலைவிலேயே கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் இருந்தது பூஜாங் பள்ளத்தாக்குத் துறைமுகம். அதற்கும் தெற்கே, மலாக்கா நீரிணையின் சாவியைக் கையில் வைத்திருந்தது ஸ்ரீவிஜயம்.

இந்தக் கடல்வழி இராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இயங்கியது. நம்பாதவர்கள் சிங்கப்பூர் ஆற்றின் கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்குப் போய்ப் பாருங்கள். 1998-இல் பெலித்தோங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 830-இல் மூழ்கிய அந்தக் கப்பல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபு வகைக் கலம். அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருள்கள் இருந்தன. பெரும்பாலானவை ஒரே மாதிரியான கிண்ணங்கள். அரண்மனைக்கான அன்பளிப்பு அல்ல அது. சாதாரண வீடுகளில் விற்பதற்கான சரக்கு.

சோழர்களும் சீனச் சந்தையை நேரடியாக எட்ட முயன்றார்கள். இராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு மூன்றாண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து 1015-இல் சோங் அரசவையை அடைந்தது. முத்தும் யானைத் தந்தமும் அவர்கள் கொண்டு சென்ற காணிக்கைகள். 1033-இல் இராஜேந்திரனின் பெயரால் மற்றொரு தூது சென்றது. ஆனால் சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய சிறிய நாடு என்ற எண்ணம் சீன அரசவையில் பதிவாகியிருந்தது. வழியை வைத்திருப்பவர் செய்தியையும் வைத்திருக்கிறார் அல்லவா? அந்தத் தவறான செய்தியை ஸ்ரீவிஜயமே பரப்பியிருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1025

இந்தப் பின்னணியில்தான் கடாரப் படையெடுப்பு நிகழ்ந்தது. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடல் நடுவே அவன் பல கலங்களைச் செலுத்தியதாகக் கூறுகிறது. கலங்களைச் செலுத்தினான் என்றுதான் இருக்கிறது. அவனே சென்றான் என்று இல்லை. பள்ளி மேடையில் நான் அவனைக் கப்பலின் முகப்பில் நிற்க வைத்தது என் கற்பனை மட்டுமே.

மெய்க்கீர்த்தியில் 13 இடங்களின் பெயர்கள் உள்ளன. ஸ்ரீவிஜயத்தில் தொடங்கி, சுமத்திராவின் பண்ணை, மலையூர், வடமுனையில் இலாமுரிதேசம், தீபகற்பத்தில் இலங்காசோகம், மாதமாலிங்கம், நிக்கோபாராகிய மாநக்கவாரம் என்று சென்று, கடாரத்தில் முடிகிறது. மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதும், அவன் பெருஞ்செல்வமும், விச்சாதிர தோரணம் என்னும் அணிவாயிலும், மணிகள் பதித்த கதவுகளும் கைப்பற்றப்பட்டதும் சொல்லப்படுகின்றன.

ஏன் இந்தப் படையெடுப்பு? அறிஞர்கள் ஒரே விடை தரவில்லை. கிழக்கு வணிகத்திற்கு ஸ்ரீவிஜயம் இடையூறு செய்திருக்கலாம், அல்லது மன்னன் தன் திசைவெற்றியைக் கடலுக்கு அப்பாலும் விரிக்க விரும்பியிருக்கலாம் என்பது நீலகண்ட சாஸ்திரியாரின் கருத்து. ஜார்ஜ் ஸ்பென்சர், செல்வத்தைக் கவர்ந்து வந்து படைக்கும் கோயிலுக்கும் பகிர்வதே சோழர் அரசியலின் இயல்பு என்றார். என் வாசிப்பில் இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வழியைத் திறக்கவும் விரும்பினான். திறக்கும்போது கருவூலத்தையும் எடுத்துக்கொண்டான்.

எப்படிப் பார்த்தாலும் ஓர் உண்மையை மறைக்க முடியாது. எந்த அரசக் குடும்பத்தின் விகாரத்திற்குச் செப்பேடு பொறித்துக் கொடுத்தானோ, அதே குடும்பத்தின் நகரத்தைத்தான் சில ஆண்டுகளில் அவன் படை சூறையாடியது. என் அறைத்தோழனின் கேள்விக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

பட்டியலில் இல்லாத ஊர்

அந்த 13 பெயர்களில் சிங்கப்பூர் இல்லை. தெமாசெக் என்ற பெயரும் இல்லை. இராஜேந்திரன் சிங்கப்பூரை வென்றான் என்று மேடையில் முழங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1984-இல் கென்னிங் கோட்டை மலையில் தொடங்கிய அகழாய்வுகள் காட்டும் துறைமுக நகரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது இராஜேந்திரனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிந்தியது.

ஆசையைத் தூண்டும் ஒரு சான்றும் இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் சுமார் 50 வரிகள் கொண்ட ஒரு பெரும் கல்வெட்டுப் பாறை இருந்தது. 1843-இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. 2019-இல் ஆய்வாளர் ஒருவர், அத்துண்டில் கேசரிவ என்று படிக்கத்தக்க எழுத்துகள் இருப்பதாகவும், அது சோழர் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றும் கூறினார். இராஜேந்திரனும் பரகேசரிதான். செய்தியைப் படித்த அன்று என் உள்ளம் துள்ளியது. ஆனால் கல்வெட்டின் மொழியே இன்னும் முடிவாகவில்லை. வேறு வாசிப்புகளும் உள்ளன. உடைந்த கல்லின் சில எழுத்துகள்மீது ஒரு பேரரசைக் கட்டி எழுப்பக் கூடாது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதைவிட வியப்பான ஒன்றை என் அறைத்தோழன்தான் சொன்னான். மலாய் வரலாற்றுக் காவியமான செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் என்றொரு மன்னர் வருகிறார். சீனாவை வெல்லப் பெரும்படையுடன் தெமாசெக் வரை வருகிறார். செய்தியறிந்த சீனப் பேரரசர், துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்லில்லாத கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். சீனாவிலிருந்து புறப்பட்டபோது தாங்கள் இளைஞர்கள் என்றும், ஊசிகள் இரும்புத் தடிகளாக இருந்தன என்றும், மரங்களை வழியில் விதை போட்டு வளர்த்ததாகவும் கிழவர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு தொலைவா என்று மலைத்த மன்னர் திரும்பி விடுகிறார். சிங்கப்பூரா நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் சாங் நீல உத்தாமா இவருடைய வழித்தோன்றல் என்பது காவியத்தின் கூற்று. இக்கதையில் சோழர் படையெடுப்பின் நினைவு படிந்திருப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். படையெடுத்து வந்தவனை மலாய்க் கதைசொல்லிகள் பகைவனாக அல்லாமல் மூதாதையாக ஏற்றுக்கொண்டார்கள். இதை எந்தப் பேச்சுப் போட்டியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மன்னனுக்குப் பின்

கடாரத்தைச் சோழர் நிலையாக ஆளவில்லை. 1028-இலேயே ஸ்ரீவிஜயத்தின் தூது மீண்டும் சீனாவை அடைந்தது. இராஜேந்திரனின் கடைசி ஆண்டுகள் மீண்டும் நிலத்துப் போர்களிலேயே கழிந்தன. பாண்டிய நாட்டிலும் இலங்கையிலும் கிளர்ச்சிகள் எழுந்தன. மகன்கள்தாம் படை நடத்தினார்கள். 1044-இல் அவன் இறந்தபோது தேவி வீரமாதேவியும் உயிர் நீத்தாள். அவள் நினைவாக அவளுடைய உடன்பிறந்தான் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பிரம்மதேசம் கல்வெட்டு கூறுகிறது. உலகை வென்றதாகப் பாடப்பட்டவனின் மரணத்தைத் தொட்டுக் காட்டுவது, வழிப்போக்கரின் தாகம் தீர்க்க வைத்த ஒரு தண்ணீர்ப் பந்தல்!

அவன் மகள் அம்மங்கை தேவியின் மகன்தான் 1070-இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். பாட்டன் கடாரம் கொண்டான். பேரனோ சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். 1077-இல் அவன் காலத்தில் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனா சென்று 81,800 கோவை செப்புக்காசுகளுடன் திரும்பியது. கொண்டு சென்ற பொருள்களில் கற்பூரமும் பன்னீரும் கண்ணாடிப் பாண்டங்களும் இருந்தன. அவற்றில் பல தமிழ் மண்ணில் விளைந்தவை அல்ல. பிறரிடம் வாங்கிப் பிறருக்கு விற்றவை. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, நாகப்பட்டினத்து விகாரத்தின் உரிமைகளைக் குலோத்துங்கன் புதுப்பித்தான். 65 ஆண்டுகளில் சூறையாடலின் புண் ஆறி, பழைய ஏடு மீண்டும் எழுதப்பட்டது.

அந்தப் புண்ணை ஆற்றியவர்கள் மன்னர்கள் மட்டுமல்லர், வணிகர்கள். தாய்லாந்தின் தாக்குவாபாவில், இராஜேந்திரனுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற பாரூசில், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு எழுதி வைத்தது. அதில் வெற்றி முழக்கம் இல்லை. வந்து சேரும் மரக்கலத்தின் தலைவர், கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னாகக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதி இருக்கிறது. 1281-இல் சீனாவின் சுவான்சோவில், குப்ளாய்க்கானின் ஆட்சியில், சிவன் கோயிலில் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டுப் பொறித்தார்கள். அப்போது சோழப் பேரரசே ஏறக்குறைய மறைந்திருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நண்பனின் அழைப்பில் கெடா சென்றேன். பூஜாங் பள்ளத்தாக்கில் மெர்போக் அரும்பொருளகத்திற்கு அவனே அழைத்துப் போனான். சிவலிங்கம், புத்தர் சிலை, சீனப் பீங்கான் ஓடுகள், மத்தியக் கிழக்கின் கண்ணாடித் துண்டுகள், மணிகள் எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. அங்குள்ள பெங்காலான் பூஜாங் துறை செழித்தது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான் என்று அறிந்தபோது நின்றுவிட்டேன். படை வந்து போன பிறகு அந்த இடம் அழிந்துவிடவில்லை. வணிகம் அங்கே இன்னும் பெருகியது.

நண்பர்களே, 2025-இல் கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுத்தார்கள். இராஜேந்திரனை நாம் மறக்கவேண்டியதில்லை. அவன் பேராற்றல் மிக்கவன். வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒரே பார்வையில் கண்டவன். ஆனால் சிங்கப்பூரில் வாழும் நாம் யாருடைய வாரிசுகள் என்று என்னைக் கேட்டால், ஒருமுறை வந்து போன அந்தக் கப்பற்படையை என் விரல் காட்டாது. அடுத்தவர் துறைமுகத்தில் காற்றுக்குக் காத்திருந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் விதிக்குக் கட்டுப்பட்டு, தங்கள் கணக்கைத் தமிழில் எழுதி வைத்த அந்த வணிகர்களைத்தான் காட்டும். தேக்காவில் நகைக்கடைக்காரர் ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் மலாயிலும் விலை சொல்லி, தராசில் பொன்னை நிறுக்கும்போது, எனக்குப் பாரூஸ் கல்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது.

கெடாவிலிருந்து பேருந்து ஏறும் முன் என் நண்பனிடம் அவனுடைய பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். எங்கள் மன்னர் உங்கள் ஊரைக் கொள்ளையடித்தார். எங்கள் வணிகர்கள் உங்களோடு தங்கினார்கள். இரண்டும் உண்மை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, ராஜா சூலான் அவனுக்கும் பாட்டன்தான் என்று நினைவுபடுத்தினான்.